உருளைக்கிழங்குத் தோல்: கிழங்கோடு உண்ணலாம், தனியே சேர்த்து உண்ண வேண்டாம்

கேள்வி: எங்கள் வீட்டில் நான், கணவர், எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு குழந்தைகள், மாமனார், மாமியார் என ஆறு பேர். வாரத்தில் மூன்று நான்கு நாள் உருளைக்கிழங்கு சமைப்போம். கிழங்கின் சத்தில் முக்கால்வாசி தோலில்தான் இருக்கிறது, அது ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை எல்லாவற்றுக்கும் நல்லது என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதைப் படித்ததிலிருந்து, சீவிய தோலை வீணாக்காமல் சேர்த்து எண்ணெயில் பொரித்து மாலையில் குழந்தைகளுக்குக் கொடுக்கிறேன். பீர்க்கங்காய்த் தோலில் அரைப்பதுபோல் ஒருமுறை துவையலும் அரைத்தேன். "கிழங்குத் தோலை யாராவது தின்பார்களா" என்று மாமியார் கடிந்துகொள்கிறார். கணவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். மாமனாருக்குச் சிறுநீரகம் பலவீனமாக இருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். தோலை உண்ணலாமா, கூடாதா?
– ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரே வீட்டுக்குள் ஆளுக்கு ஆள் விடை மாறும் கேள்வி உங்களுடையது. எனவே முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல கிழங்கை நன்றாகக் கழுவித் தோலோடு சமைத்து, தோலையும் சதையையும் சேர்த்து நீங்களும் கணவரும் மாமியாரும் குழந்தைகளும் உண்ணலாம். பல கிழங்குகளின் தோலை மட்டும் சீவிச் சேர்த்துப் பொரித்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். மாமனாருக்குத் தோல் வேண்டாம். அவருக்குக் கிழங்கைச் சமைக்கும் முறையே வேறு.

தோலில் சத்து இருப்பது உண்மை, ஆனால் அந்தச் செய்தி சொல்லும் அளவு உண்மையன்று. தோலோடு சுட்ட கிழங்கை எடுத்துக்கொண்டால், 100 கிராம் தோலில் ஏறத்தாழ 8 கிராம் நார்ச்சத்தும், 7 மில்லிகிராம் இரும்புச்சத்தும், 570 மில்லிகிராம் பொட்டாசியமும் உள்ளன. அதே எடையுள்ள சதையில் நார்ச்சத்து 1.5 கிராம், இரும்பு அரை மில்லிகிராமுக்கும் குறைவு, பொட்டாசியம் சுமார் 390 மில்லிகிராம். இந்த ஒப்பீட்டைப் பார்த்துத்தான் தோல் பெரும் பொக்கிஷம் என்ற எண்ணம் பரவுகிறது. ஆனால் 100 கிராம் தோலை யாரும் ஒரு வேளையில் உண்பதில்லை. 150 கிராம் எடையுள்ள நடுத்தரக் கிழங்கு ஒன்றில் தோல் 15 கிராம் அளவுதான் தேறும். அந்த 15 கிராமில் கிடைப்பது சுமார் 1.2 கிராம் நார்ச்சத்தும் 1 மில்லிகிராம் இரும்பும். ஒரு கிழங்கு தரும் மொத்த நார்ச்சத்தில் அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், இரும்பில் மூன்றில் இரண்டு பங்கு, பொட்டாசியத்தில் ஏழில் ஒரு பங்கு மட்டுமே. வைட்டமின் சி விஷயத்தில் செய்தி முற்றிலும் தலைகீழ்: பச்சைக் கிழங்கில் 100 கிராமுக்கு 20 மில்லிகிராம் அளவு இருக்க, தோலில் மட்டும் பார்த்தால் அது 11 மில்லிகிராம்தான். முக்கால்வாசிச் சத்து தோலில் என்பது இரும்புக்கு ஓரளவு பொருந்தலாம், மற்றவற்றுக்குப் பொருந்தாது.

ரத்தசோகைக்கு இது மருந்தாகுமா என்றால், ஆகாது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வயது வந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்குப் பரிந்துரைக்கும் இரும்பு 29 மில்லிகிராம். அதில் 1 மில்லிகிராமைத் தோல் தருகிறது. தாவர உணவிலிருந்து வரும் இரும்பில் சிறு பகுதியையே குடல் உறிஞ்சிக்கொள்ளும். வேண்டாமென்று ஒதுக்கத்தக்கதல்ல என்பதற்கு மேல் அதைப் பெரிதாக்க எதுவுமில்லை. உங்களுக்கோ குழந்தைகளுக்கோ ரத்தசோகை இருக்கிறது என்ற ஐயம் இருந்தால், ஹீமோகுளோபின் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

எண்களில் வராத இன்னொரு பயனும் தோலுக்கு உண்டு. குளோரோஜெனிக் அமிலம் முதலான பாலிஃபீனால்கள் என்னும் தாவரச் சேர்மங்கள் கிழங்கின் தோலிலும் அதை ஒட்டிய மெல்லிய சதையிலும் செறிந்திருக்கின்றன. செந்நிறத் தோலும் ஊதாத் தோலும் உள்ள ரகங்களில் ஆந்தோசயனின் என்னும் நிறமிகளும் சேர்கின்றன. சோதனைக்கூடத்தில் இவை நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளாக இயங்குகின்றன. அதை வைத்துக்கொண்டு தோல் புற்றுநோயைத் தடுக்கும் என்று மனிதர்களைப் பற்றி முடிவு சொல்ல இன்றைய ஆய்வுகளில் இடமில்லை.

என் கணிப்பில், தோலின் மிகப்பெரிய பயன் அதை உண்பதில்கூட இல்லை. வேகும்போது அது கிழங்கின் மேல் இருப்பதில்தான் இருக்கிறது. வைட்டமின் சியும் பொட்டாசியமும் நீரில் கரைபவை. தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டினால் அவையும் அதோடு போய்விடும். தோலோடு வேகவைத்துப் பின் உரித்த 100 கிராம் கிழங்கில் வைட்டமின் சி 13 மில்லிகிராம் மிஞ்சுகிறது. சீவிவிட்டு வேகவைத்ததில் 7 மில்லிகிராம் சொச்சம்தான். பொட்டாசியமும் 379இலிருந்து 328 மில்லிகிராமாகக் குறைகிறது. பொடிமாஸுக்கும் பூரிக் கிழங்குக்கும் நம் வீடுகளில் முழுக் கிழங்கைக் குக்கரில் போட்டு, வெந்தபின் உரிப்பதுதானே வழக்கம். சத்துக் கணக்கிலும் அது சிறந்த முறை. உங்கள் மாமியாரும் அப்படித்தான் செய்துவந்திருப்பார். அவர் உரித்த தோலை எறிந்தாலும், தோலின் உதவியைப் பெரும்பகுதி வாங்கிக்கொண்ட பிறகே எறிந்திருக்கிறார்.

இனி, பொரித்த தோலை நிறுத்தச் சொன்னதற்கான காரணத்துக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்களுக்கு வந்ததுபோன்ற செய்திகளில் இந்தப் பகுதி மட்டும் வருவதேயில்லை.

பீர்க்கங்காயும் உருளைக்கிழங்கும் ஒரே வகைக் காய்கள் அல்ல. உருளை கத்தரிக் குடும்பத்துச் செடி. மண்ணுக்குள் இருக்கும் அதன் கிழங்கு, பூச்சியும் பூஞ்சையும் தன்னைத் தின்னாமலிருக்கச் சொலனின், சாக்கோனின் என்ற இரண்டு கசப்புப் பொருள்களை உண்டாக்கிக்கொள்கிறது. கிளைக்கோஆல்கலாய்டு என்ற இனத்தைச் சேர்ந்த நச்சுகள் இவை. எதிரி முதலில் தொடுவது தோலை என்பதால் அங்கேயும், முளை கிளம்பும் கண்களிலும் இவை செறிந்திருக்கும். சதையில் கிலோவுக்கு 12 முதல் 50 மில்லிகிராம் வரை இருக்கையில், தோலில் 150 முதல் 600 மில்லிகிராம் வரை இருக்கும். முளையிலோ 2,000 மில்லிகிராமைத் தாண்டும். முழுக் கிழங்கில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்பதே பொதுவாக ஏற்கப்பட்டுள்ள மேல்வரம்பு. அமெரிக்காவில் 1967இல் வெளியிடப்பட்ட லெனாபே என்ற ரகம் சிப்ஸுக்கு மிகப் பொருத்தமாக இருந்தும், இந்த நச்சு மிகுந்திருந்ததால் 1970இல் திரும்பப் பெறப்பட்டது.

இப்போது உங்கள் மாலைச் சிற்றுண்டியைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ கிழங்கைச் சீவினால் 100 கிராம் தோல் கிடைக்கும். கிழங்கு நல்லதாகவே இருந்தாலும் அந்தத் தோலில் 15 முதல் 60 மில்லிகிராம் வரை இந்த நச்சுகள் இருக்கக்கூடும். வயிற்றுக் கோளாறு தொடங்கக்கூடிய மிகக் குறைந்த அளவாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் குறித்தது, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 மில்லிகிராம். உங்கள் இளைய குழந்தையின் எடை 18 கிலோ என்று வைத்துக்கொண்டால், எல்லை 18 மில்லிகிராம். பொரிக்கும்போது தோலின் ஈரம் வற்றி, 100 கிராம் தோல் ஒரு கைப்பிடி மொறுமொறுப்பாகச் சுருங்கிவிடும். குழந்தை அதை இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும். ஈரம் போகிறதே தவிர நச்சு போவதில்லை. சொலனினும் சாக்கோனினும் வெப்பத்தைத் தாங்குபவை. குக்கரின் சூட்டில் அவை அழிவதில்லை, வீட்டு எண்ணெய்ச் சட்டியின் சூட்டிலும் பெரிதாகக் குறைவதில்லை. துவையலுக்கும் இதே கணக்குத்தான், அரைப்பதால் எதுவும் மாறாது.

அதே குழந்தை ஒரு நடுத்தரக் கிழங்கைத் தோலோடு உண்டால் உள்ளே போகும் தோல் 15 கிராம்தான். அதோடு சேரும் சதையிலும் இந்த நச்சு சொற்பம். பச்சை படராத கிழங்காயின் அந்த அளவு கவலைக்குரியதன்று. ஒருவர் உண்ணும் கிழங்கின் தோல் அவரவர் தட்டிலேயே இருப்பது வேறு, ஆறு பேர் உண்ணும் கிழங்கின் தோல் முழுவதும் ஒரு சிறு குழந்தையின் தட்டுக்குப் போய்ச் சேர்வது வேறு.

உங்கள் குழந்தைகளுக்கு இதுவரை குமட்டலோ, வாந்தியோ, வயிற்றுவலியோ, பேதியோ வரவில்லை என்றால், கொடுத்ததை நினைத்து அஞ்ச வேண்டாம். இனி எப்போதேனும் உருளைக்கிழங்கு உண்ட சில மணி நேரத்தில் இவை தோன்றி, அதோடு தலைவலியோ மயக்கமோ குழப்பமோ சேர்ந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன உண்டார்கள் என்பதையும் சொல்லுங்கள். 1969இல் தென்கிழக்கு லண்டனில் உள்ள ஒரு பள்ளியில் 78 மாணவர்கள் மதிய உணவுக்குப் பின் இப்படி நோயுற்றார்கள். 17 பேரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. கோடை விடுமுறைக்கு முன்பே வாங்கி வைத்துப் பழசாகிப்போன மூட்டைக் கிழங்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அனைவரும் குணமடைந்துவிட்டார்கள்.

அடுத்து, எந்தக் கிழங்கைத் தோலோடு உண்ணலாம் என்பது. வெளிச்சம் பட்டால் கிழங்கு பச்சை பிடிக்கும். அந்தப் பச்சை நிறம் இலையில் உள்ள அதே பச்சையம்தான், அதனால் தீங்கில்லை. ஆனால் பச்சையம் உருவாக வைத்த வெளிச்சமே நச்சு பெருகவும் காரணமாகிறது என்பதால், பச்சையை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். செந்தோல் கிழங்கிலும் மண் அப்பிய கிழங்கிலும் பச்சை எளிதில் கண்ணுக்குத் தெரியாது. கழுவித் துடைத்தபின், பகல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் தோலை இரண்டு மூன்று இடத்தில் இலேசாகக் கீறிப் பாருங்கள். கீறிய இடம் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் நல்லது. இளம்பச்சை தென்பட்டால் அந்தக் கிழங்கின் தோலை உண்ண வேண்டாம். பச்சை ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அதைச் சுற்றி ஆழமாக வெட்டியெடுத்துவிட்டு, மீதியைத் தோல் சீவிச் சமைக்கலாம். பல இடங்களில் பரவியிருந்தாலோ, முளை நீண்டு கிழங்கு சுருங்கியிருந்தாலோ முழுவதையும் எறிந்துவிடுங்கள். வெந்த கிழங்கு நாவில் கசந்தாலும், தொண்டையில் எரிச்சல் தந்தாலும், மசாலா சேர்த்துச் சரிக்கட்டப் பார்க்காமல் கொட்டிவிடுவதே முறை.

நம் கடைகளுக்கு மேட்டுப்பாளையம் மண்டி வழியாக நீலகிரிக் கிழங்கும் வருகிறது, வடமாநிலங்களின் கிழங்கும் வருகிறது. வட இந்தியச் சமவெளியில் பெரும்பகுதி அறுவடை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிந்து, மீதி ஆண்டு முழுவதும் குளிர்பதனக் கிடங்கிலிருந்தே விற்பனைக்கு வருகிறது. கிடங்கில் கிழங்கு முளைவிடாதிருக்கக் குளோர்புரோஃபாம் என்ற மருந்தைப் புகையாகச் செலுத்துவதுண்டு. அதன் எச்சம் பெரும்பாலும் தோலில்தான் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் இந்த மருந்துக்கான அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. ஆகவே, தோலோடு உண்பதென்றால் மெல்லிய தோலுள்ள, நகம் பட்டால் எளிதில் உரியும் புதுக்கிழங்கைத் தேர்ந்தெடுங்கள். தடித்துச் சொரசொரத்த பழைய கிழங்கைத் தோலோடு வேகவைத்து, உரித்துவிட்டு உண்ணுங்கள். முழுதாக வறுக்கும் சின்ன உருளையில் எடைக்கு எடை பார்த்தால் தோலின் பங்கு அதிகம் என்பதால், அதை வாங்கும்போது பச்சை இருக்கிறதா என்று கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

கழுவுவதற்குத் தனியாக எந்தத் திரவமும் வாங்க வேண்டியதில்லை. பத்து நிமிடம் நீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் குழிகளிலும் கண்களிலும் படும்படி தேய்த்து, ஓடும் நீரில் அலசினால் மண்ணும் மேற்பரப்பு எச்சத்தில் ஒரு பகுதியும் போய்விடும். கண்களைக் கத்தி முனையால் தோண்டி எடுத்துவிடுங்கள். வீட்டில் கிழங்கை இருட்டான, காற்றோட்டமுள்ள இடத்தில், சாக்கிலோ மூடிய கூடையிலோ வையுங்கள். சமையல் மேடையில் டியூப் லைட்டின் கீழ் திறந்த கூடையில் வைத்தால், நீங்கள் பார்த்து வாங்கிய நல்ல கிழங்கும் சில நாட்களில் பச்சை பிடிக்கும்.

உங்கள் கணவரைப் பற்றி: ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பொட்டாசியம் நன்மை தருவது உண்மை; சிறுநீரகம் நலமாக உள்ள வரையில் அதைக் கிழங்கு, கீரை, பழம், பருப்பு ஆகியவற்றிலிருந்து தாராளமாகப் பெறலாம். ஆனால் உப்பைக் குறைக்காமல் தோலைச் சேர்ப்பதால் மட்டும் அழுத்தம் இறங்காது. தோலையே உப்புத் தூவிப் பொரித்துத் தின்றால் நோக்கமே கெட்டுவிடும். அவர் சாப்பிடுவது டெல்மிசார்டான், ராமிப்ரில் போன்ற மாத்திரையாக இருந்தால், அவை ரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியவை என்பதால், சர்க்கரைக்குப் பரிசோதிக்கும்போதே, சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினினையும் பொட்டாசியத்தையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரையைப் பொறுத்தவரை தோல் தரும் ஒரு கிராம் நார்ச்சத்து கிழங்கின் மாவுச்சத்தை ஈடுகட்டிவிடாது. வேகவைத்த கிழங்கு 100 கிராமில் 20 கிராம் அளவுக்கு மாவுச்சத்து இருக்கிறது. சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் என்பது, சர்க்கரை உள்ளவருக்குச் சோற்றுக்கு மேல் இன்னொரு கரண்டிச் சோறு வைத்ததற்குச் சமம். கிழங்கு சமைக்கும் நாளில் அவர் தட்டில் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தை அவரைக்காய், புடலங்காய், கீரை போன்ற ஒன்றால் நிரப்புங்கள். தோலோடு வேகவைத்து ஆறவைத்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் செரிக்காத வகையாக மாறும். அது சிறு உதவிதான், அளவைக் கூட்டிக்கொள்ள அனுமதியாகாது.

உங்கள் மாமனாரின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சிறுநீரகம் பலவீனமானால் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கும். அளவு மீறினால் இதயத் துடிப்பையே அது பாதிக்கும், பெரும்பாலும் முன்னறிவிப்பான வலி எதுவும் இருக்காது. நீங்கள் உங்களுக்காகக் காக்க நினைக்கும் சத்தை அவருக்காக நீக்க வேண்டியிருக்கிறது. ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும்படி மருத்துவர் அவரிடம் சொல்லியிருந்தால், அவர் பங்குக் கிழங்கைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறைய நீரில் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி புதுநீரில் வேகவைத்து, அதையும் கொட்டிவிட்டுத் தாளித்துக் கொடுங்கள். நீரில் ஊறவைப்பது மட்டும் போதாது. கொதிக்கும்போதுதான் பொட்டாசியம் கணிசமாக வெளியேறும். அந்த நீரைக் குழம்பிலோ ரசத்திலோ சேர்த்துவிடக் கூடாது. இப்படிச் செய்தாலும் அளவு சிறிதாகவே இருக்கட்டும். உப்புக்குப் பதிலாக விற்கப்படும் குறைந்த சோடியம் உப்பு பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால், கணவரின் ரத்த அழுத்தத்துக்காக அதை வாங்கியிருந்தால் மாமனாரின் சமையலில் அது கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவருடைய சமீபத்திய கிரியாட்டினின், பொட்டாசியம் முடிவுகளை எடுத்துக்கொண்டு ஒரு சிறுநீரக மருத்துவரையும், அந்த மருத்துவமனையின் உணவியல் ஆலோசகரையும் நேரில் பார்ப்பது அவசியம். புரதம், உப்பு, நீர் ஆகியவற்றின் அளவும் அந்த எண்களைப் பொறுத்தே முடிவாகும்.

தீக்காயத்துக்குத் தோலைக் கட்டலாமா என்று இதே வகைச் செய்திகளைப் படித்துவிட்டுப் பலர் கேட்கிறார்கள் என்பதால் அதையும் சேர்த்துச் சொல்கிறேன். மும்பையில் குழந்தைகளுக்குச் சிகிச்சையளித்த டாக்டர் கேஸ்வானியும் அவருடைய குழுவினரும், வேகவைத்த உருளைத் தோலைத் துணிக்கட்டில் ஒட்டி, கிருமி நீக்கி, தீப்புண் காயாமல் காக்கும் மலிவான கட்டாகப் பயன்படுத்தி, 1985இல் மருத்துவ இதழில் எழுதினார்கள். மருத்துவமனையில், மருத்துவர் கண்காணிப்பில் நடந்த முயற்சி அது. சமையலறையில் சீவிய தோலைப் புண்ணின் மேல் வைத்தால் மண்ணில் உள்ள கிருமிகளும் உள்ளே போகும். தீப்பட்ட இடத்தைக் குறைந்தது இருபது நிமிடம் குழாய் நீரில் காட்டிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

குழந்தைகளுக்கு மாலையில் மொறுமொறுப்பாக ஏதாவது வேண்டுமென்றால், கழுவிய புதுக்கிழங்கைத் தோலோடு நீளத் துண்டுகளாக நறுக்கி, பாதி வேகவைத்து, கொஞ்சம் எண்ணெயில் மிளகும் சீரகமும் சேர்த்துத் தோசைக்கல்லில் பொன்னிறமாகப் புரட்டிக் கொடுங்கள். கருகுமளவு வறுக்க வேண்டாம், மாவுப் பண்டங்கள் 120 டிகிரிக்கு மேல் வறுபட்டுக் கருகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடுகிறது. குழந்தைக்கு ஒரு சிறு கிழங்கு போதும். துவையல் ஆசைக்குப் பீர்க்கங்காய்த் தோலும் வாழைக்காய்த் தோலும் இருக்கவே இருக்கின்றன. நார்ச்சத்தும் கிடைக்கும், இந்த நச்சும் கிடையாது.

சீவிய உருளைத் தோல் வீணாகிறதே என்ற உங்கள் மனக்குறைக்கும் வழி உண்டு. அதை மண்ணில் புதைத்து மட்கவைத்தால் செடிகளுக்கு நல்ல உரமாகும். முளையும் கண்ணும் ஒட்டிய தோலை ஆழமாகப் புதையுங்கள், இல்லையேல் அதிலிருந்தே உருளைச் செடி கிளம்பும். பச்சை படர்ந்த தோலையும் முளையையும் மட்டும் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போட்டுவிடாதீர்கள். அவற்றுக்கும் அது நஞ்சுதான்.